இறங்கத் தொடங்கும் இடம்

விமானம் எப்படி மேலே ஏறுகிறது என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். எப்படி இறங்குகிறது என்று கேட்பவர்கள் குறைவு. மேலே போனது கீழே வந்துதானே தீர வேண்டும், அதில் கேட்க என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு. நான் ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து விமானங்களை வரிசைப்படுத்தி இறக்கிவிடும் கன்ட்ரோலர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அந்த நாற்காலியில் இருந்து பார்த்தால் ஏறுவது சுலபம். இன்ஜினில் பலம் இருந்தால் போதும். இறங்குவதற்குக் கணக்கு வேண்டும். கணக்குத் தப்பினால் தப்பிவிட்டது என்று அந்த நிமிடமே ஒப்புக்கொள்கிற மனமும் வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

தில்லியிலிருந்து சென்னைக்கு வருகிறீர்கள் என்று வையுங்கள். விமானம் 37,000 அடி உயரத்தில் பறக்கிறது. ஆந்திராவில் நெல்லூரைத் தொடுவதற்கு முன்பே, காவலிப் பக்கம் வரும்போது, இதுவரை காதில் இரைந்துகொண்டிருந்த இன்ஜின் சத்தம் அடங்கிப்போகும். மூக்கு லேசாகத் தாழும். பயணிகளில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. சென்னைக்கு இன்னும் 220 கிலோமீட்டர் இருக்கிறது. ஆனால் இறக்கம் தொடங்கிவிட்டது. அந்தப் புள்ளிக்கு விமானிகள் 'டாப் ஆஃப் டிசென்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் விமானத்தில் இது இன்னும் வேடிக்கை. ஏறி முடித்துத் தண்ணீர் பாட்டில் கைக்கு வருவதற்குள் இறங்க ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பயணத்தில் ஏற்றமும் இறக்கமும்தான் பெரும்பகுதி. நடுவில் சமமாகப் பறப்பது கொஞ்ச நேரம்தான்.

ஏன் காவலி? ஏன் நெல்லூர் தாண்டி இல்லை? இதற்கு விமானிகள் மனக்கணக்காக ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 1,000 அடி இறங்க 3 கடல் மைல். 37,000 அடி என்றால் 111 கடல் மைல். வேகத்தைக் குறைக்க இன்னும் ஒரு 10 மைல் சேர்த்துக்கொண்டால் ஏறக்குறைய 120. அதைக் கிலோமீட்டரில் சொன்னால் 220. இன்றைய விமானங்களில் கம்ப்யூட்டர் காற்று, எடை, வெப்பநிலை எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, இறங்க வேண்டிய இடத்தைத் திரையில் ஓர் அம்புக்குறியாகக் காட்டிவிடும். இருந்தாலும் நல்ல விமானிகள் மூன்றால் பெருக்கிப் பார்ப்பதை விடுவதில்லை. கம்ப்யூட்டர் எங்கே சறுக்குகிறது என்று கண்டுபிடிக்க அந்த மனக்கணக்கு ஒன்றே துணை. அதோடு சேர்ந்து இன்னொரு கணக்கும் உண்டு. தரைக்கு மேல் விமானம் போகிற வேகத்தை ஐந்தால் பெருக்கினால், நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்க வேண்டும் என்பது வந்துவிடும். 140 நாட் வேகம் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. இந்த இரண்டு கணக்குக்கும் அடிப்படை ஒன்றே: 3 பாகைச் சரிவு. நூறு அடி முன்னே போனால் ஐந்து அடி கீழே. உலகத்தில் பெரும்பாலான விமான நிலையங்களில் கடைசிச் சரிவு இந்த 3 பாகைதான்.

எடை கூடினால் விமானம் சீக்கிரம் இறங்கிவிடும் என்று தோன்றும். நேர்மாறு. ஒரே வேகத்தில் போகிற இரண்டு விமானங்களுக்குக் காற்றின் இழுவை ஏறக்குறைய ஒன்றுதான். கனமான விமானத்தில் அந்த இழுவையைச் சரிக்கட்டச் சின்னச் சரிவே போதும். அதனால் அது மெதுவாக, நெடுந்தூரம் சறுக்கிக்கொண்டே வரும். அதை முன்கூட்டியே இறக்கத் தொடங்க வேண்டும். பின்காற்று அடித்தாலும் அப்படித்தான். மேகத்துக்குள் பனி உறையும் என்று இன்ஜினுக்குச் சூடேற்றும் கருவியைப் போட்டால், இன்ஜின் முழுக்க அடங்காமல் கொஞ்சம் கூடுதலாகவே ஓடும். அதற்கும் தூரம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விமானத்திடம் இரண்டு விதமான கையிருப்பு இருக்கிறது: உயரம், வேகம். தரையைத் தொடும்போது உயரம் தீர்ந்திருக்க வேண்டும், வேகமும் போதிய அளவு குறைந்திருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். மூக்கைத் தாழ்த்தி வேகமாக இறங்கினால் வேகம் ஏறும். வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்கினால் இறக்கம் நின்றுவிடும். ஏற்காட்டு மலையிலிருந்து இறங்குகிற பஸ் டிரைவர் கொண்டை ஊசி வளைவுக்கு வந்த பிறகு கியரை மாற்றமாட்டார், சரிவு தொடங்கும்போதே மாற்றிவிடுவார் அல்லவா, அதே புத்திதான் இங்கேயும். 10,000 அடிக்குக் கீழே பொதுவாக 250 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு இருக்கிறது. ஃபிளாப் விரிக்க ஒரு வேக வரம்பு, சக்கரம் இறக்க ஒரு வேக வரம்பு. உயரத்தில் தாமதித்த விமானத்துக்கு இந்த வரம்புகள் ஒவ்வொன்றாகக் குறுக்கே வந்து நிற்கும். அப்போது இறக்கையின் முதுகில் இருக்கும் ஸ்பீடு பிரேக் பலகைகளைத் தூக்கிவிடுவார்கள். விமானம் கடகடவென்று அதிரும். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இறக்கையில் ஏதோ பிய்த்துக்கொண்டு நிற்பதுபோலத் தெரியும். பயப்பட வேண்டாம். உயரத்தையும் வேகத்தையும் ஒருசேரக் குறைக்க அவர்களிடம் இருக்கும் நல்ல கருவி அது.

இந்தத் தாமதத்துக்குப் பல சமயம் எங்கள் ஆட்களும் காரணம். அதைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. விமானி இறங்க அனுமதி கேட்பார். கீழே இன்னொரு விமானம் குறுக்கே ஏறிக்கொண்டிருக்கும். 'இருங்கள்' என்போம். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே, தில்லியிலிருந்து ஏறிக்கொண்டிருந்த சவூதி ஜம்போவும், இறங்கிக்கொண்டிருந்த கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்கச் சொல்லப்பட்ட விமானம் அதற்குக் கீழே இறங்கிவிட்டது. அந்தப் பாடத்தைப் படித்த எந்தக் கன்ட்ரோலரும் சந்தேகம் இருக்கும்போது 'இறங்குங்கள்' என்று சொல்லமாட்டார். சரிதான். ஆனால் நாங்கள் சொல்லும் ஒவ்வொரு 'இருங்கள்' என்ற சொல்லுக்கும் அங்கே ஒரு விமானி மூன்றால் பெருக்கிக் கழித்துக்கொண்டிருக்கிறார்.

இதுவரை சொன்னது வெளிச்சமான நாளுக்கும் பொருந்தும். இனி மேகத்துக்குள் போவோம்.

1929 செப்டம்பர் 24 அன்று, நியூயார்க் அருகே மிட்செல் ஃபீல்டில் ஜிம்மி டூலிட்டில் என்ற விமானி, வெளியே எதுவும் தெரியாதபடி இருக்கையைத் துணியால் மூடிக்கொண்டு ஏறி, வட்டமிட்டு, இறங்கிக் காட்டினார். ரேடியோ அலை திசையைச் சொன்னது. பால் கோல்ஸ்மன் செய்து கொடுத்த துல்லியமான ஆல்டிமீட்டர் உயரத்தைச் சொன்னது. அவர் கண் எதையும் சொல்லவில்லை. எட்டு வருடத்துக்குச் சற்று மேல் கழித்து, 1938 ஜனவரி 26 அன்று வாஷிங்டனிலிருந்து பிட்ஸ்பர்க் போன ஒரு பயணிகள் விமானம் பனிப்புயலில் ஐ.எல்.எஸ். என்ற, இறங்க வழிகாட்டும் ரேடியோ கருவியை நம்பி இறங்கியது. அதே கருவிதான், அதன் வம்சம்தான், இன்றும் சென்னையிலும் தில்லியிலும் வேலை செய்கிறது.

ஐ.எல்.எஸ். செய்வது மிக எளிய காரியம். ஓடுபாதையின் மறுகோடியிலிருந்து ஓர் அலைக்கற்றை: அதன் பெயர் லோக்கலைசர். இடமா வலமா என்று சொல்லும். ஓடுபாதையின் பக்கத்திலிருந்து இன்னொரு கற்றை: கிளைட் ஸ்லோப். மேலா கீழா என்று சொல்லும். ஒவ்வொன்றிலும் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என்று இரண்டு தொனிகள். கிளைட் ஸ்லோப்பில் 90 ஓங்கி ஒலித்தால் விமானம் சரிவுக்கு மேலே இருக்கிறது. 150 ஓங்கினால் கீழே இருக்கிறது. இரண்டும் சமமானால் நூல் பிடித்தாற்போல 3 பாகையில் வருகிறது என்று பொருள். விமானத்தில் இருக்கும் கருவி இந்த இரண்டையும் ஒப்பிட்டு முள்ளை நகர்த்துகிறது. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு நுட்பம். கற்றை தரையில் பட்டுத் தெறிப்பதையும் சேர்த்துத்தான் அந்தச் சரிவு உருவாகிறது. அதனால் 3 பாகையோடு நிற்காமல் அதற்கு மேலே, செங்குத்தான கோணங்களில், பொய்க் கற்றைகளும் உண்டாகின்றன. முள்ளுக்கு மெய்யும் தெரியாது பொய்யும் தெரியாது. ஆகையால்தான் விதி: கிளைட் ஸ்லோப்பைக் கீழிருந்து பிடி. ஓடுபாதைக்குப் பத்து மைல் முன்னாலேயே 3,000 அடிபோல ஓர் உயரத்தில் சமமாகப் பறந்துகொண்டு, சரிவு மேலிருந்து உன்னிடம் வரட்டும் என்று காத்திரு. கீழிருந்து போகிறவன் முதலில் சந்திப்பது மெய்யான கற்றையைத்தான். மேலிருந்து விழுந்தடித்து வருகிறவன் முதலில் சந்திப்பது பொய்யை. அந்தப் பத்து மைலில் 3,000 அடியில் இருப்பதற்காகத்தான் காவலிக்கு மேலேயே இறங்கத் தொடங்கினோம். தொடக்கம் தவறினால் முடிவில் நிற்கும் இடமும் தவறும்.

இதைவிடத் தெளிவாக விளக்க எனக்குத் தெரிந்தது ஒரே சம்பவம். அதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

2010 மே 22. துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. போயிங் 737-800. உள்ளே 166 பேர். அதிகாலை நேரம். மங்களூர் விமான நிலையம் குன்றின் தலையைச் சமன் செய்து கட்டியது. ஓடுபாதைக்கு அப்பால் பள்ளத்தாக்கு. மங்களூர் ரேடார் மே 20 முதல் பழுதாகிக் கிடந்தது. ரேடார் இல்லாதபோது கன்ட்ரோலருக்குக் கண் இல்லை. விமானங்கள் சொல்லும் தூரத்தையும் உயரத்தையும் வைத்துத்தான் பிரித்து வைக்க வேண்டும். ஆகவே அந்த விமானி இறங்க அனுமதி கேட்டபோது உடனே கிடைக்கவில்லை; 80 மைலில் எதிர்பாருங்கள் என்றார்கள். இறக்கம் தொடங்கியது 77 மைலில். உயரம் அதே 37,000 அடி.

மூன்றால் பெருக்குங்கள். 111 மைல் தேவை. 77தான் இருக்கிறது. நேர்கோட்டில் வராமல் வில்லாக வளைந்து வந்து சேரும் பாதை அது என்பதால் கொஞ்சம் தூரம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். அதையும் சேர்த்துக்கொண்டாலும் இழுபறிதான். ஆனால் முடியாதது அல்ல. ஸ்பீடு பிரேக் இருக்கிறது. இன்னொரு சுற்றுச் சுற்றி உயரத்தைக் கரைத்துக்கொள்கிறேன் என்று கேட்கலாம். யாரும் மறுத்திருக்கமாட்டார்கள்.

அந்தக் கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி தூங்கிக்கொண்டிருந்தார். காக்பிட் ஒலிப்பதிவில் முதல் ஒரு மணி 40 நிமிடத்துக்குப் பேச்சே இல்லை, குறட்டை இருக்கிறது. ஆழ்ந்து தூங்கி எழுந்தவனுக்கு மூளை முழுக்கத் தெளிய நேரம் பிடிக்கும். விசாரணை நீதிமன்றம் இதைக் குறிப்பிட்டுச் சொன்னது. உயரத்தைக் கரைக்க 8,500 அடியிலேயே சக்கரத்தை இறக்கினார்கள். அதாவது தாமதம் ஆகிவிட்டது என்பது தெரிந்தே இருந்தது. அப்படியும் போதவில்லை. ஓடுபாதையை நெருங்கும்போது இருக்க வேண்டிய உயரத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரத்தில் விமானம் இருந்தது. மேலிருந்து வந்ததால் பொய்க் கற்றை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தது என்று விசாரணை அறிக்கை கருதுகிறது.

ஓடுபாதை கண்ணில் பட்டதும் துணை விமானிக்குப் புரிந்துவிட்டது. 'கோ அரவுண்ட்' என்றார். அதாவது இந்த முயற்சியை விட்டுவிடுவோம், மேலே ஏறித் திரும்ப வருவோம். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னார். கேப்டன் ஆட்டோபைலட்டை விடுவித்து மூக்கை அழுத்தினார். நிமிடத்துக்கு 700 அடி இறங்க வேண்டிய இடத்தில் 4,000 அடிக்கு நெருக்கமாக இறங்கினார்கள். தரை எச்சரிக்கைக் கருவி கத்திக்கொண்டே இருந்தது. 8,033 அடி நீள ஓடுபாதையில் முதல் 5,200 அடி கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. தொட்ட பிறகாவது முழு பிரேக் போட்டிருந்தால் தளம் போட்ட பகுதிக்குள்ளேயே நின்றிருக்கலாம் என்கிறது அறிக்கை. பிரேக் பிடித்து, இன்ஜினைப் பின்னுக்கு இழுக்கவிட்டு, அப்புறம் மனம் மாறி மறுபடி ஏறப் பார்த்தார். அதற்குள் ஓடுபாதை முடிந்துவிட்டது. 158 பேர் போனார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

ரேடார், தூக்கம், குன்று, அனுமதி என்று காரணங்களை அடுக்கலாம், அடுக்கத்தான் வேண்டும். ஆனால் 77 மைலில் தொடங்கிய தாமதம் யாரையும் கொல்லவில்லை. அந்தத் தாமதத்தை இந்த ஒரே முயற்சிக்குள் சரிக்கட்டியே தீருவேன் என்ற பிடிவாதம்தான் கொன்றது. இது என் தீர்ப்பு. எரிபொருள் இருந்தது. 6 கிலோமீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிகிற வானிலை. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அதே ஓடுபாதையில் சாதுவாக இறங்கியிருப்பார்கள்.

உயரமாக வருவது ஒரு பிழை. தாழ்வாக வருவது அதைவிடக் கொடிய பிழை; அதற்குத் திருத்த நேரமே கிடைப்பதில்லை. 1992 செப்டம்பர் 28 அன்று காட்மாண்டுவில் பாகிஸ்தான் விமானம் ஒன்று மலையில் மோதி 167 பேரும் இறந்தார்கள். அங்கே அப்போது படிப்படியாக இறங்கும் முறை. இத்தனை மைலில் இந்த உயரம், அடுத்த மைலில் அடுத்த உயரம் என்று அட்டவணை. அவர்கள் ஒவ்வொரு படியையும் ஒரு படி முந்தி இறங்கிக்கொண்டே வந்தார்கள்.

அதே ஆண்டு ஜனவரி 20 இரவு, பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் அருகே ஒரு ஏர்பஸ் ஏ-320 மலையில் மோதியது. 87 பேர் இறந்தார்கள், ஒன்பது பேர் பிழைத்தார்கள். அந்த விமானத்தில் இறக்கத்தை இரண்டு விதமாகக் குறிக்கலாம்: சரிவுக் கோணமாக, அல்லது நிமிடத்துக்கு எத்தனை அடி என்று. இரண்டுக்கும் ஒரே குமிழ். எந்த விதம் என்பதை வேறொரு பொத்தான் மாற்றும். விமானிகள் 3.3 பாகை என்று நினைத்து 33 வைத்தார்கள். கருவி அதை நிமிடத்துக்கு 3,300 அடி என்று எடுத்துக்கொண்டது. 800 அடி இறங்க வேண்டிய இடத்தில் நான்கு மடங்கு. விசாரணை ஆணையம் இதைத்தான் மிகவும் சாத்தியமான காரணமாகக் கருதியது. இன்றைக்கு அந்தத் திரையில் அடிக்கணக்கு நான்கு இலக்கமாகத் தெரிகிறது. இரண்டு பூஜ்யம் சேர்க்க 87 உயிர்.

எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் மறக்கக் கூடாத சம்பவங்கள் இரண்டு. ஒன்று 1974 டிசம்பர் 1. வாஷிங்டன் டல்லஸ் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த டி.டபிள்யூ.ஏ. 514. நிலையத்துக்கு 44 மைல் இருக்கும்போதே கன்ட்ரோலர், இறங்குவதற்கான அணுகுமுறைக்கு அனுமதி என்று சொல்லிவிட்டார். எந்த உயரம் வரை என்று சொல்லவில்லை. விமானிகள் 1,800 அடி வரை போகலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். குறுக்கே மவுன்ட் வெதர் என்ற குன்று இருந்தது. அதில் மோதி 92 பேர் இறந்தார்கள். அனுமதி கொடுத்தால் உயரத்தைக் கன்ட்ரோலர் காப்பார் என்று விமானி நினைத்தார். அனுமதி வாங்கினால் உயரத்தை விமானி பார்த்துக்கொள்வார் என்று கன்ட்ரோலர் நினைத்தார். இதில் மனம் கனக்கிற செய்தி, ஆறு வாரத்துக்கு முன்னால் இன்னொரு நிறுவனத்தின் விமானம் அதே குன்றில் இதே காரணத்தால் மோதப்பார்த்துத் தப்பியிருந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்கு அது போய்ச் சேரவில்லை. இதற்குப் பிறகுதான் தரை எச்சரிக்கைக் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது. விமானிகளும் கன்ட்ரோலர்களும் தண்டனைப் பயமில்லாமல் தப்புகளை எழுதி அனுப்ப 1976-ல் நாசாவின் பொறுப்பில் ஓர் அமைப்பும் வந்தது.

மற்றது அண்மையில், 2022 மே 23, பாரிஸ். இங்கே ஆல்டிமீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அது உயரத்தை அளக்கும் கருவி என்கிறோமே தவிர, அது அளப்பது காற்றழுத்தத்தை. மேலே பறக்கும்போது எல்லா விமானமும் 1013 என்ற ஒரே அழுத்தத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளும். கீழே இறங்கும்போது அந்த ஊரின் அன்றைய அழுத்தத்தை நாங்கள் சொல்வோம், அவர்கள் திருப்பி வைத்துக்கொள்வார்கள். ஓர் எண் பிசகினால் 28 அடிபோலப் பிசகும். அன்று பாரிசில் ஐ.எல்.எஸ். வேலை செய்யவில்லை. செயற்கைக்கோள் வழியாகத் திசையும், ஆல்டிமீட்டர் வழியாகச் சரிவும் பார்த்து இறங்க வேண்டும். அழுத்தம் 1001. கன்ட்ரோலர் வாயில் 1011 என்று வந்தது. விமானி அப்படியே திருப்பிச் சொன்னார். பத்து எண், 280 அடி. காக்பிட்டில் எல்லா முள்ளும் சரியான இடத்தில் நின்றது. விமானம் மட்டும் சரிவுக்கு 280 அடி கீழே, மேகத்துக்குள், ஓடுபாதையை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஓடுபாதை தெரியாததால் விமானிகள் மேலே ஏறினார்கள். ஓடுபாதைக்கு ஒரு மைலுக்கும் குறைவான இடத்தில், தரைக்கும் அந்த விமானத்துக்கும் இடையே மிகக் குறைந்த இடைவெளி 6 அடி. விமானத்தின் தரை எச்சரிக்கைக் கருவி கத்தவில்லை. அன்று எல்லோரும் பிழைத்ததற்கு ஒரே காரணம், தீர்மான உயரத்தில் ஓடுபாதை தெரியவில்லை என்றதும் தயங்காமல் ஏறியதுதான்.

அந்தத் தீர்மான உயரம் என்பதற்கு வருகிறேன். சாதாரண ஐ.எல்.எஸ். என்றால் தரைக்கு மேல் 200 அடி. தில்லியில் பனிமூட்டத்துக்காக வைத்திருக்கும் உயர்தரக் கருவியில் இதைவிடக் குறைவு. 200 அடியில் விளக்கு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஏற வேண்டும். யோசிப்பதற்கு இடமில்லை; தரையைத் தொட இன்னும் கால் நிமிடம்தான் இருக்கிறது. இதற்கும் முன்னால், மேகமான நாளில் 1,000 அடியிலேயே ஒரு சோதனை உண்டு. சக்கரம் இறங்கியதா, ஃபிளாப் சரியா, வேகம் சரியா, நிமிடத்துக்கு 1,000 அடிக்குள் இறங்குகிறதா, இன்ஜின் அடங்கிக் கிடக்காமல் தேவையான பலத்தில் ஓடுகிறதா? ஒன்றில் தவறினாலும் ஏறிவிடு என்பதே விதி. 37,000 அடி இறக்கத்தின் கணக்கு முழுவதும் இந்த ஒரு வாசலில் வந்து சரிபார்க்கப்படுகிறது.

விதி இருக்கிறது. நடப்பு என்ன? விமானப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற சர்வதேச அமைப்பு ஆராய்ந்து பார்த்தது. இந்த வாசலில் தவறிய இறக்கங்களில் நூற்றுக்கு மூன்றில்தான் விமானிகள் மேலே ஏறுகிறார்கள். மிச்சம் 97-லும் 'சமாளித்துக்கொள்ளலாம்' என்று இறங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் சமாளித்தும் விடுகிறார்கள். அதுதான் ஆபத்து. நேற்று சமாளித்தவனுக்கு இன்று விதி பெரிதாகத் தெரியாது. கோ அரவுண்ட் செய்தால் கேள்வி கேட்கமாட்டோம் என்று பல நிறுவனங்கள் எழுத்திலேயே வைத்திருக்கின்றன. இருந்தும் தயக்கம் போகவில்லை. எரிபொருள் செலவு, தாமதம், பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார் என்ற கூச்சம். அப்புறம் பின்னால் உட்கார்ந்திருக்கும் நாம்.

கருவிகள் முன்னேறிக்கொண்டேதான் இருக்கின்றன. இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ககன் அமைப்பு, செயற்கைக்கோள் சமிக்ஞையைத் திருத்தி அனுப்புகிறது. 2022 ஏப்ரலில் ராஜஸ்தானின் கிஷன்கட் நிலையத்தில் அதை வைத்து ஒரு பயணிகள் விமானம் இறங்கியது. தரையில் ஐ.எல்.எஸ். ஆண்டெனா நிறுத்தப் பணமோ இடமோ இல்லாத சின்ன ஊர்களுக்கும் இனி ஒரு சரிவு கிடைக்கும். படிப்படியாக இறங்கிக் காட்மாண்டுபோல எண்ணிக்கை தவறும் முறைகளுக்கு வேலை குறையும். நல்லது. ஆனால் எந்தச் செயற்கைக்கோளும் கேப்டனின் கையைப் பிடித்து 'விடு, அடுத்த முறை பார்க்கலாம்' என்று சொல்லாது. மங்களூரில் அதைச் சொன்னது ஒரு மனிதக் குரல். மூன்று முறை சொன்னது.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். ஒன்று பயணிகளுக்கு. விமானம் ஓடுபாதையைத் தொடப்போகிற நேரத்தில் இன்ஜின் பெரிதாக இரைந்து, முதுகு இருக்கையில் அழுந்தி, மறுபடி மேலே ஏறினால் அலறாதீர்கள், பெல்ட்டை அவிழ்க்காதீர்கள், பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். முன்னால் இருக்கும் இருவருக்கும் அந்த நிமிடம் வேலை அதிகம். ஐந்து நிமிடம் கழித்து அவர்களே அறிவிப்பார்கள்.

மற்றது இந்த அவையில் இருக்கும் பத்திரிகை நண்பர்களுக்கு. 'வானில் வட்டமடித்த விமானம், பயணிகள் அலறல், மயிரிழையில் உயிர் தப்பினர்' என்ற தலைப்பை இனிமேல் வைக்காதீர்கள். அந்தத் தலைப்பை அடுத்த நாள் காலையில் அந்த விமானியும் படிக்கிறார், அவருடைய துணை விமானியும் படிக்கிறார். 'விமானம் இரண்டாவது முயற்சியில் தரையிறங்கியது' என்று நான்கு வரி எழுதி, உள்பக்கத்தில் போடுங்கள். அந்தச் செய்திக்கு அவ்வளவு இடம் போதும்.